வகுக்கும் எண்ணின் வரலாறு: வைப்பின் தீவும் மக்களடர்த்தி ஒப்பீடும்

1. முன்னுரை

நாடுகளின் மக்கள்தொகையை ஒப்பிட்டு நோக்கும் நூல்களில் இரண்டு அளவுகள் அடிக்கடி இடம்பெறுகின்றன. ஒன்று வளர்ச்சி வீதம், மற்றொன்று அடர்த்தி. முதலாவது இரு காலப் புள்ளிகளுக்கு இடைப்பட்ட மாற்றத்தைக் குறிக்கிறது. இரண்டாவது மக்கள் எண்ணிக்கையை நிலப்பரப்பால் வகுத்துப் பெறப்படும் ஈவு. மொழிபெயர்ப்புகளிலும் பாடநூல்களிலும் இவ்விரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்படுவதால், இரண்டும் ஒரே தன்மையின என்னும் எண்ணம் படிப்போரிடையே வேரூன்றிவிட்டது. அடர்த்தியைக் கணக்கிடுகையில் மக்கள் எண்ணிக்கை மாறக்கூடியது என்றும், நிலப்பரப்பு நிலையானது என்றும் கொள்வது வழக்கம். இவ்வழக்கம் எவ்வளவு பிழைபடக்கூடும் என்பதைக் கொச்சித் துறைமுகத்தின் வடபால் அமைந்த வைப்பின் தீவின் வரலாறும், அத்தீவின் பெரும்பகுதி அடங்கியிருந்த பழைய கொச்சி சமஸ்தானத்தின் குடிமதிப்பு வரலாறும் தெளிவாகக் காட்டுகின்றன. அவ்விரண்டையும் முன்வைத்து, நாடுகளுக்கிடையிலான ஒப்பீட்டில் எண்ணும் சொல்லும் கொள்ளும் உறவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வைப்பு என்னும் நிலம்

வைப்பின் ஏறத்தாழ 27 கி.மீ. நீளமும் சராசரியாக 2 முதல் 3 கி.மீ. வரை அகலமும் உடைய ஒடுங்கிய தீவு. மேற்கே அரபிக்கடல், கிழக்கே காயல். தெற்கு முனையில் நின்றால் கப்பற் கால்வாய்க்கு அப்பால் கோட்டைக் கொச்சி தெரியும். அதனை ஒட்டியது மட்டாஞ்சேரி. வடக்கு முனையில் முனம்பம் உள்ளது. 1341-இல் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறைமுகத்தைத் தூர்த்துக் கொச்சியின் முகத்துவாரத்தைத் திறந்துவிட்டது என்பதும், அவ்வெள்ளம் கொணர்ந்த வண்டலும் கடல் ஒதுக்கிய மணலுமே இத்தீவாக உருப்பெற்றன என்பதும் வரலாற்றாசிரியர் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. அந்நிகழ்ச்சியைத் தொடக்கமாகக் கொண்டு 'புதுவைப்பு' என்னும் ஆண்டுமுறையும் வழங்கியது.

பெயரே இவ்வரலாற்றைச் சுமந்து நிற்கிறது. 'வை' என்னும் வினையடியிலிருந்து பிறந்த 'வைப்பு' தமிழிலும் மலையாளத்திலும் பொதுவான சொல். தமிழில் இன்று அது வங்கியில் இட்ட பணத்தைச் சுட்டுகிறது. கொச்சியிலோ கடல் இட்ட நிலத்தைச் சுட்டுகிறது. தீவின் தென்பகுதியில் பிற்காலத்தில் புதிதாக ஒதுங்கிய நிலமும் புதுவைப்பு என்றே அழைக்கப்படுகிறது. 2013-இல் இயற்கை எரிவாயு முனையம் செயற்படத் தொடங்கியது இந்நிலப்பகுதியிலேயே ஆகும்.

ஒருபுறம் கடல் நிலத்தைத் தருகிறது. மறுபுறம் எடவனக்காடு முதலிய ஊர்களில் கரையை அரிக்கிறது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கிய கரைகளுள் எடவனக்காடும் ஒன்று. ஆக, வைப்பினைப் பொறுத்தவரை வகுக்கும் எண்ணாகிய நிலப்பரப்பு, வகுபடும் எண்ணாகிய மக்கள்தொகையைப் போலவே பிறப்பும் இழப்பும் உடையது.

மனிதரும் இப்பணியில் கடலுக்குத் துணைநின்றனர். 1920-இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ முகத்துவாரத்து மணற்றிட்டை வெட்டி ஆழப்படுத்தினார். 1928-இல் கப்பல்கள் உள்துறைமுகத்தினுள் நுழைந்தன. தோண்டி எடுக்கப்பட்ட மண்ணைக் கொண்டு காயலின் நடுவே வெல்லிங்டன் தீவு அமைக்கப்பட்டது. பின்னர் 1994-இல் நிறுவப்பட்ட கோசிரீ தீவுகள் மேம்பாட்டு ஆணையம் எறணாகுளக் கரையை ஒட்டிய காயலின் ஒரு பகுதியை நிரப்பி, அந்நிலத்தை விற்ற பணத்தைக் கொண்டு வைப்பினை எறணாகுளத்துடன் இணைக்கும் பாலங்களைக் கட்டியது. அவை 2004-இல் திறக்கப்பட்டன. அதுவரை படகே தீவினரின் வழியாக இருந்தது.

3. குடியும் வீடும் தலையும்

நிலத்துக்கு வரலாறு உண்டு என்றால், எண்ணுதலுக்கும் வரலாறு உண்டு. தமிழில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 'குடிமதிப்பு' என்னும் பழைய வழக்கு உண்டு. இலங்கையில் 'குடிசன மதிப்பீடு' என்னும் வழக்கும் உண்டு. மலையாளத்தில் 'கானேஷுமாரி' என்னும் சொல் வழங்குகிறது. இது 'வீடு' எனப் பொருள்படும் கானா, 'எண்ணுதல்' எனப் பொருள்படும் ஷுமாரி என்னும் பாரசீகச் சொற்களின் கூட்டு. ஒரு சொல் குடியை மதிப்பிடுகிறது. மற்றது வீட்டை எண்ணுகிறது. வரி விதிப்புக்காக வீடுகளையும் குடிகளையும் கணக்கிட்ட பழைய ஆட்சிமுறையின் சுவடு இரண்டிலும் உள்ளது. தலைதலையாக எண்ணும் இக்கால முறை வந்த பின்னரும் சொற்கள் மாறவில்லை.

கொச்சி சமஸ்தானத்தில் முறையான முதற்கணக்கெடுப்பு 1875-இல் நிகழ்ந்தது. அப்போது எண்ணப்பட்டோர் 6,01,114 பேர். 1881-இல் இத்தொகை 6,00,278 ஆகச் சற்றே குறைந்தது. அதன்பின் 1891-இல் 7,22,906, 1901-இல் 8,12,025, 1911-இல் 9,18,110, 1921-இல் 9,79,080, 1931-இல் 12,05,016 எனத் தொடர்ந்து உயர்ந்தது.

இவ்வெண்கள் கொச்சித் துறைமுகப் பகுதி முழுவதையும் குறிப்பன அல்ல என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மட்டாஞ்சேரி கொச்சி அரசருக்கு உரியது. அதனை ஒட்டிய கோட்டைக் கொச்சியோ ஆங்கிலேயர் வசம் இருந்து, சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்துடன் சேர்த்து எண்ணப்பட்டது. வைப்பினின் வடகோடியில் போர்த்துக்கீசியர் 1503-இல் கட்டிய பள்ளிப்புறம் கோட்டையை டச்சுக்காரர் 1789-இல் திருவிதாங்கூருக்கு விற்றனர். அதனால் பள்ளிப்புறம் திருவிதாங்கூர்க் கணக்கிலும், அதன் தெற்கே உள்ள ஊர்கள் கொச்சிக் கணக்கிலும் இடம்பெற்றன. ஒரு தெருவின் இருபக்கத்தாரும் ஒரு தீவின் இருமுனையாரும் வெவ்வேறு 'நாடுகளின்' அறிக்கைகளில் எண்ணப்பட்ட காலம் அது. 'நாடு' என்னும் தமிழ்ச்சொல் ஒருகாலத்தில் சிறு நிலப்பிரிவையும் பின்னர் அரசையும் இன்று இறைமையுள்ள தேசத்தையும் குறிப்பதால், அக்கால அறிக்கைகளை மொழிபெயர்ப்போர் எந்த எல்லை பேசப்படுகிறது என்பதை முதற்கண் தெளிந்துகொள்ள வேண்டியுள்ளது.

4. கொச்சியும் பெல்ஜியமும்

1911-ஆம் ஆண்டுக் கணக்கின்படி கொச்சி சமஸ்தானத்தின் பரப்பு 1,361 சதுர மைல். 9,18,110 என்பதை இதனால் வகுத்தால் சதுர மைலுக்கு 675 பேர் என்னும் அடர்த்தி கிடைக்கிறது. அதே காலத்தில் ஐரோப்பாவின் தொழில் நாடுகளில் நிலை என்ன? பெல்ஜியத்தில் 1910-இல் 74,23,784 பேர் ஏறத்தாழ 11,373 சதுர மைலில் வாழ்ந்தனர், அடர்த்தி 653. இங்கிலாந்தும் வேல்சும் சேர்ந்த பகுதியில் 1911-இல் 3,60,70,492 பேர். அடர்த்தி ஏறத்தாழ 618. நிலக்கரிச் சுரங்கமும் எஃகாலையும் நிறைந்த நாடுகளைவிட, தென்னையும் நெல்லும் மீனும் கயிறும் கொண்டு வாழ்ந்த கொச்சி அடர்த்தியில் மிஞ்சியிருந்தது என்னும் முடிவு இதிலிருந்து பெறப்படும். இம்முடிவு வியப்புக்கும் கவலைக்கும் ஒருங்கே இடமளிக்கக்கூடியது.

ஆயின் அடுத்த கணக்கெடுப்பு இம்முடிவின் அடித்தளத்தையே அசைத்துவிடுகிறது. 1921-இல் மக்கள்தொகை 9,79,080 ஆக உயர்ந்தது. பத்தாண்டுகளில் 6.6 விழுக்காடு வளர்ச்சி. எனினும் அடர்த்தி 675-இலிருந்து 662 ஆகக் குறைந்தது. மக்கள் பெருகியிருக்க, அடர்த்தி குறைவது எங்ஙனம்? விடை எளியது. 1921-இல் சமஸ்தானத்தின் பரப்பு 1,479 சதுர மைல் எனத் திருத்தப்பட்டிருந்தது. எவரும் எந்நாட்டையும் வெல்லவில்லை. கடலும் இவ்வளவு நிலத்தை ஒதுக்கவில்லை. அளவே திருந்தியது.

திருத்திய பரப்பைக் கொண்டு 1911-ஆம் ஆண்டின் அடர்த்தியை மீண்டும் கணக்கிட்டால் 621 என்னும் எண் கிடைக்கிறது. அப்போது கொச்சி பெல்ஜியத்தின் கீழே வந்துவிடுகிறது. இங்கிலாந்து-வேல்சை மூன்று எண்களால் மட்டுமே மிஞ்சுகிறது. ஒரு மனிதரும் கூடாமல் குறையாமல், நாடுகளின் வரிசை மாறிவிட்டது. 675 என்னும் எண்ணைப் பழைய அறிக்கையிலிருந்து எடுத்தாளும் கட்டுரையாளர் எண்ணைப் பிழையின்றிப் பெயர்த்திருந்தாலும் பிழையான ஒப்பீட்டையே தருவார்.

வளர்ச்சி வீதத்துக்கு இவ்விடர் இல்லை. 1901 முதல் 1911 வரை கொச்சியின் வளர்ச்சி 13.1 விழுக்காடு. இங்கிலாந்து-வேல்சில் அதே பத்தாண்டில் 10.9 விழுக்காடு, பெல்ஜியத்தில் 1900 முதல் 1910 வரை 10.9 விழுக்காடு. நிலப்பரப்பு இக்கணக்கில் நுழையாமையால் பரப்பின் திருத்தம் இதனைத் தொடவில்லை. கொச்சி அவற்றைவிட விரைந்து வளர்ந்தது என்னும் கூற்று அன்றும் செல்லும், இன்றும் செல்லும்.

அலகு மாற்றமும் இங்குக் கருதத்தக்கது. சதுர மைலுக்கு 621 என்பது சதுர கிலோமீட்டருக்கு 240 மட்டுமே. பழைய நூலின் 'மைல்' கணக்கையும் புதிய நூலின் 'கிலோமீட்டர்' கணக்கையும் அருகருகே வைத்து, நூறாண்டுகளில் அடர்த்தி சிறிதே கூடியது என எழுதுவோர் உளர். ஒரு சதுர மைல் 2.59 சதுர கிலோமீட்டர் என்பதை மறந்த பிழை அது.

5. வளர்ச்சி தணிந்தும் அடர்த்தி உயர்தல்

1956-இல் உருவான கேரளத்தின் எண்கள் வளர்ச்சியும் அடர்த்தியும் எதிரெதிர்த் திசையிற் செல்லக்கூடியவை என்பதை உணர்த்துகின்றன. 1961-71 பத்தாண்டில் மாநிலத்தின் வளர்ச்சி 26.3 விழுக்காடாக இருந்தது. அடுத்தடுத்த பத்தாண்டுகளில் அது 19.2, 14.3, 9.4, 4.9 எனத் தணிந்தது. இதே காலத்தில் அடர்த்தி 1971-இல் சதுர கிலோமீட்டருக்கு 549, 1991-இல் 749, 2011-இல் 860 என உயர்ந்துகொண்டே வந்தது. 2011-இல் பீகாருக்கும் மேற்கு வங்கத்துக்கும் அடுத்து அடர்த்தி மிகுந்த மாநிலமாகவும், வளர்ச்சி மிகக் குறைந்த மாநிலங்களுள் ஒன்றாகவும் கேரளம் ஒருசேர விளங்கியது. பத்தனம்திட்டா, இடுக்கி ஆகிய மாவட்டங்களில் 2001-க்கும் 2011-க்கும் இடையே மக்கள்தொகை குறையவே செய்தது.

இம்மாற்றத்தின் தொடக்க காலத்தில் எறணாகுளம் உலகின் கவனத்தைப் பெற்றது. மாவட்ட ஆட்சியர் எஸ்.கிருஷ்ணகுமாரின் முயற்சியால் 1970-இன் இறுதியில் அங்கு நடந்த குடும்பநல முகாமில் 15,005 ஆண்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டனர். 1971 ஜூலையில் நடந்த முகாமில் அத்தொகை 62,913 ஆக உயர்ந்தது. எனினும் முகாம்களே வளர்ச்சியைத் தணித்தன என்று கொள்வது பொருந்தாது. பெண்கல்வி, குழந்தை இறப்புக் குறைவு, பொதுச் சுகாதாரம், உணவுப் பங்கீடு ஆகியவற்றின் பங்கினைத் திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையம் 1975-இல் ஐக்கிய நாடுகள் அவைக்காகத் தயாரித்த கேரள ஆய்வு விரிவாக எடுத்துரைத்தது. 1980-களின் இறுதியில் கேரளம் பதிலீட்டு நிலைக் கருவளத்தை எட்டியது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்காய்வின்படி கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிறப்புகளே நிகழ்ந்தன.

இனி, பிற நாடுகளோடு ஒப்பிடலாம். இலங்கை கல்வியிலும் நலவாழ்விலும் கேரளத்துடன் அடிக்கடி இணைத்துப் பேசப்படும் நாடு. 2012-இல் அங்கு 2,03,59,439 பேர் வாழ்ந்தனர். மொத்தப் பரப்பாகிய 65,610 சதுர கிலோமீட்டரால் வகுத்தால் அடர்த்தி 310. உள்நாட்டு நீர்நிலைகளை நீக்கி நிலப்பரப்பால் மட்டும் வகுத்தால் 325. நெதர்லாந்தில் இவ்வேறுபாடு இன்னும் பெரிது. 2011-இல் அந்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 66 லட்சம். நீர்ப்பரப்பையும் சேர்த்து வகுத்தால் 400. நிலத்தை மட்டும் கொண்டு வகுத்தால் 490-க்கு மேல். 1663 முதல் 1795 வரை கொச்சியை ஆண்ட டச்சுக்காரரின் தாயகம், கடலிலிருந்து மீட்ட நிலத்தில் 1986-இல் பிளெவோலாந்து என்னும் ஒரு மாகாணத்தையே உருவாக்கிய நாடு என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. சிங்கப்பூர் 1965-இல் தனிநாடானபோது ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்தது. கடலைத் தூர்த்து 700-ஐத் தாண்டி வளர்ந்தது.

சராசரி மறைக்கும் வேறுபாடும் உண்டு. 2012-இல் இலங்கையின் கொழும்பு மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 3,438 பேர். முல்லைத்தீவில் 38 பேர். கேரளத்திலோ 2011-இல் ஆலப்புழையில் ஏறத்தாழ 1,500, இடுக்கியில் ஏறத்தாழ 250. மலை மாவட்டங்களை விடுத்தால் கேரளத்தில் மக்கள் பரவி வாழ்கின்றனர். ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் தென்னையும் பலாவும் வாழையும் நிற்கும் புரையிடம் உண்டு. ஊர் முடியும் இடமும் நகரம் தொடங்கும் இடமும் புலப்படா. இந்தியக் கணக்கெடுப்பில் ஓர் ஊரை நகரமெனக் கொள்வதற்கான அளவைகளுள் ஒன்று சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் என்பது. கேரளத்தின் சராசரியே அதனை 1961-இல் கடந்துவிட்டது. ஆகவே பிற மாநிலங்களில் நகரை அடையாளங்காட்டும் அவ்வளவை அங்குப் பயனற்றதாகிறது.

6. 'மிக' என்னும் அடைமொழி

வைப்பினைப் பற்றிய குறிப்புகளில் 'உலகிலேயே மக்களடர்த்தி மிகுந்த தீவு' என்னும் தொடர் பல்லாண்டுகளாக வழங்கிவருகிறது. ஒப்பீட்டில் இது நிற்பதில்லை. வைப்பின் ஊராட்சிகளின் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு ஈராயிரத்தைக் கடப்பது. ஜாவாவின் அடர்த்தி 2010-இல் ஆயிரத்தைச் சற்றே தாண்டியிருந்தது; ஆகவே ஜாவாவை வைப்பின் மிஞ்சுவது உண்மை. ஆனால் சிங்கப்பூரில் 2011-இல் அது 7,200-க்கு மேல். நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில் 2010-இல் ஏறத்தாழ 27,000. மாலைத்தீவின் தலைநகரான மாலே தீவில் ஏறத்தாழ 2 சதுர கிலோமீட்டரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர்.

இத்தொடரின் பிறப்பில் மொழிக்கும் பங்குண்டு எனக் கருத இடமுண்டு. 'மிக அடர்ந்த தீவுகளுள் ஒன்று' என்பதில் 'உள் ஒன்று' நழுவினால் 'மிக அடர்ந்த தீவு' எஞ்சும். தமிழில் பண்பின் உச்சநிலையை உணர்த்தத் தனி விகுதி இல்லை. 'மிக' என்பது பெருமையையும் உணர்த்தும். யாவற்றினும் மேம்பட்ட நிலையையும் உணர்த்தும். மலையாளத்தில் 'வளரெ', 'ஏற்றவும்' என இரு சொற்கள் இப்பணியைப் பகிர்ந்துகொள்கின்றன. மலையாளத்து 'வளரெ' தமிழில் 'மிக' ஆகி, அது 'உலகிலேயே' என்னும் அடையைத் துணைக்கு அழைத்துக்கொள்வது எளிதில் நிகழக்கூடியது. 'எவற்றினும்', 'அனைத்திலும்' போன்ற சொற்களை உச்சநிலைக்கு உரியனவாக ஒதுக்கி, 'மிக' என்பதை மிகுதிப் பொருளுக்கு மட்டும் ஆள்வது புள்ளியியல் மொழிபெயர்ப்பில் குழப்பத்தைத் தவிர்க்கும்.

உலகச் சிறப்பை மறுப்பதால் வைப்பினின் உண்மைச் சிறப்பு குறைவதில்லை. மன்ஹாட்டனும் மாலேயும் மாடிமேல் மாடி எழுப்பிய நகரங்கள். வைப்பின் மீனும் நெல்லும் சார்ந்த ஊர்களின் தொடர். அங்குள்ள பொக்காளி வயல்களில் மழைக்காலத்தில் உவர் தாங்கும் நெல் விளைகிறது. அறுவடைக்குப்பின் கடல்நீரைப் பாய்ச்சி இறால் வளர்க்கப்படுகிறது. ஒரே வயல் ஆண்டில் நிலமாகவும் நீராகவும் பயன்படுகிறது. அவ்வயல்கள் தீவின் பரப்பில் எண்ணப்படுகின்றன. அவற்றில் எவரும் குடியிருப்பதில்லை. எனவே மணல்மேடுகளில் வீடு கட்டி வாழ்வோர் உணரும் அடர்த்தி, ஈவு காட்டும் எண்ணைவிடப் பெரிது. பாலத்துக்காகவும் குடிநீருக்காகவும் தீவினர் நெடுங்காலம் குரலெழுப்பியதன் பின்னணி இதுவே. நாற்புறமும் நீர் சூழ்ந்த இடத்தில் குடிக்க நீரின்றி வாடியோருக்கு, உலகில் எத்தனையாவது இடம் என்னும் வினாவைவிட ஒரு குழாய்க்கு எத்தனை குடும்பம் என்னும் வினாவே முதன்மையானது.

7. அடர்த்தி, நெருக்கம், செறிவு

ஒரே கருத்துக்குத் தமிழில் மூன்று சொற்கள் போட்டியிடுகின்றன. 'அடர்த்தி' காட்டுக்கும் கூந்தலுக்கும் உரியது; நன்மை தீமை சுட்டாதது. 'நெருக்கம்' இடமின்மையைச் சுட்டுவது. 'நெருக்கடி' அதன் உறவினச் சொல். 'செறிவு' பொருட்செறிவு, கருத்துச்செறிவு என்பனபோலப் பாராட்டாகவே பெரிதும் வழங்குவது. மலையாளம் வடமொழியிலிருந்து 'ஜனசாந்திரத' என்னும் கூட்டை அமைத்துக்கொண்டமையால், தடிப்பு என்னும் பொதுப்பொருளிலேயே நின்றுவிட்டது. வளர்ச்சிக்கும் இந்நிலையே. 'வளர்ச்சி' நற்பொருள் தருவது. 'பெருக்கம்' அச்சத்தை உள்ளடக்கியது. 'வெடிப்பு' அச்சத்தை வெளிப்படையாக்குவது.

கேரளத்தின் 860-ஐ 'நெருக்கம்' என்றும் நெதர்லாந்தின் 490-ஐ 'அடர்த்தி' என்றும் ஒரே கட்டுரையில் எழுதினால், எண் பேசாத தீர்ப்பைச் சொல் பேசிவிடுகிறது. ஏழை நாட்டைப் பற்றிய மூலத்தில் 'பெருக்கம்', செல்வ நாட்டைப் பற்றிய மூலத்தில் 'வளர்ச்சி' எனப் பெயர்ப்பதும் இத்தகையதே. ஒப்பீடு நடுநிலையுடையதாக அமைய, ஒப்பிடப்படும் இரு நாடுகளுக்கும் ஒரே கலைச்சொல் ஆளப்பட வேண்டும். அவ்வகையில் 'மக்களடர்த்தி', 'வளர்ச்சி வீதம்' ஆகியவற்றைக் கலைச்சொற்களாக நிலைநிறுத்தி, 'நெருக்கம்', 'பெருக்கம்' ஆகியவற்றை மூல ஆசிரியரின் கருத்து அதுவே ஆன இடங்களுக்கு மட்டும் ஒதுக்குவது தக்கது.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. மக்களடர்த்தி என்பது ஒரு நாட்டின் இயல்பு அன்று. இரண்டு அளவுகளுக்கு இடையிலான உறவு. இரண்டு அளவுகளும் காலத்தால் மாறுவன, திருத்தப்படுவன. கொச்சியின் 675, 662 என்னும் எண்கள், மக்கள் பெருகியபோதும் அடர்த்தி குறைந்ததாகக் காட்டியமைக்குப் பரப்பின் திருத்தமே காரணம். ஆகவே அடர்த்தியைக் குறிப்பிடும் இடந்தோறும் ஆண்டு, எல்லை, அலகு, நீர்ப்பரப்பு சேர்க்கப்பட்டதா என்னும் நான்கையும் உடன் குறிப்பது மொழிபெயர்ப்பாளரின் கடமையாகிறது. மூலத்தில் அவை இல்லாதபோது அவ்வின்மையைச் சுட்டுவதும் மொழிபெயர்ப்பின் நேர்மையே.

நிலத்துக்கு 'வைப்பு' எனப் பெயரிட்டவர்கள் அது இடப்பட்டது, எடுக்கப்படவும் கூடியது என்பதை அறிந்திருந்தனர். நாடுகளின் பரப்பை மாறா எண்ணாகக் கொள்ளும் அட்டவணைகளைத் தமிழில் பெயர்ப்போர் அவ்வறிவை மறவாதிருத்தல் நன்று.